இரண்டாம் வாரத்துப் பசி: கறிக்கோழி வளர்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

பல்லடம், உடுமலை, பொங்கலூர், ஈரோடு வட்டாரக் கறிக்கோழிப் பண்ணையாளர்களுக்கும், அவர்களுக்குக் குஞ்சும் தீவனமும் வழங்கும் நிறுவனங்களின் களப்பணியாளர்களுக்கும்:

முட்டையோட்டை உடைத்து வெளிவரும் கறிக்கோழிக் குஞ்சு 40 முதல் 45 கிராம் எடை இருக்கும். ஏழாம் நாளில் நான்கு மடங்காகி 180 கிராமைத் தொடும். ஐந்து வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். அரை நூற்றாண்டு மரபுத் தேர்வு தந்த வேகம் இது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹேவன்ஸ்டைன் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். 1957இன் கோழியினத்துக்கு ஈடாக, தேர்வு எதுவும் செய்யாமல் காத்துவந்த ஒரு மந்தையையும் 2001இன் வணிகக் கறிக்கோழியையும் ஒரே நேரத்தில் வளர்த்தார்கள். 42ஆம் நாளில், பழைய தீவனம் தின்ற பழைய கோழி 539 கிராம். புதிய தீவனம் தின்ற புதிய கோழி 2,672 கிராம். எடையில் ஐந்து மடங்கு. ஆனால் அதே இரு இனங்களின் நோய் எதிர்ப்பை அளந்தபோது, உடலுக்கு அந்நியமான பொருளைச் செலுத்தினால் அதற்கு எதிராக அதிக எதிர்ப்பொருள் சுரந்தது பழைய கோழிதான். புதியதில் அழற்சியும் செல்வழி எதிர்ப்பும் கூடியிருந்தன, எதிர்ப்பொருள் குறைந்திருந்தது.

வர்ஜீனியாவில் பால் சீகல் பல தலைமுறைகளாக நடத்திய தேர்வும் இதே பக்கம் கை காட்டுகிறது. இந்தத் தேர்வில் அவர் எடையைப் பார்க்கவில்லை. ஆட்டின் சிவப்பணுக்களுக்கு எதிராக அதிக எதிர்ப்பொருள் தரும் கோழிகளை ஒரு வரிசையாகவும், குறைவாகத் தருபவற்றை மற்றொரு வரிசையாகவும் பெருக்கினார். குறைவாகத் தந்த வரிசைதான் எடை கூடிய வரிசையாக அமைந்தது. வளர்ச்சியும் எதிர்ப்பும் ஒரே வருவாயைப் பங்கிட்டுக்கொள்ளும் இரண்டு செலவுகள் என்று கொண்டால், முதல் செலவைச் சில நாள் சுருக்கினால் இரண்டாவதற்கு மிஞ்சுமா என்ற கேள்வி இயல்பாக எழும். தொடக்க நாள்களில் தீவனத்தைக் குறைக்கும் முறையைப் பற்றிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கின்றன. பதில் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரு சொல்லில் முடிவதில்லை. எந்த நாளில், எவ்வளவு, எதன் மூலம் குறைக்கப்பட்டது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

பட்டினி கிடந்த இளம் உயிர் மறுபடி தீனி கிடைத்ததும் வழக்கத்தைவிட வேகமாக வளர்ந்து இழப்பை ஈடுகட்டும் என்பதை 1915இலேயே ஆஸ்பர்னும் மெண்டலும் எலிகளில் காட்டிவிட்டார்கள். அதைக் கறிக்கோழியில் ஒரு வளர்ப்பு முறையாக ஆக்கியவர்கள் இஸ்ரேலின் பிளாவ்னிக்கும் ஹர்விட்ஸும். 1985இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு வார வயதை ஒட்டிய குஞ்சுகளுக்கு ஆறேழு நாள்கள் உயிரைத் தாங்கும் அளவு எரிசக்தி மட்டுமே தரப்பட்டது. வளர்ச்சிக்கென்று எதுவும் மிஞ்சவில்லை. அதன் பிறகு தாராளமாகத் தீனி வைக்கப்பட்டது. கோழிகள் எடையை மீட்டன, தீவன மாற்றுத்திறன் மேம்பட்டது, வயிற்றுக் கொழுப்பு குறைந்தது.

அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு கடுமையானது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். உடல் எடையைக் கிராமில் எடுத்து, அதன் 0.67 அடுக்கை 1.5ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்குத் தர வேண்டிய கிலோ கலோரி வரும் என்பது அவர்களின் சூத்திரம். 180 கிராம் குஞ்சுக்கு அது ஏறக்குறைய 49 கிலோ கலோரி. கிலோவுக்கு 3,000 கிலோ கலோரி உள்ள தீவனத்தில் இது 16 கிராம். அதே குஞ்சு விருப்பம்போல் தின்றால் அந்த வயதில் 35 கிராம் அளவுக்குத் தின்னும். ஆக, பாதிக்கும் கீழே. ஆய்வுக்கூடத்தில் நூறு குஞ்சுகளுக்கு இதைச் செய்யலாம். ஐயாயிரம் குஞ்சுகள் உள்ள ஷெட்டில் அப்படியே செய்தால், வலுத்தது தின்றுவிடும், இளைத்தது பார்த்துக்கொண்டு நிற்கும். பின்னால் சொல்லப்படும் பல தொல்லைகளுக்கு இதுவே வேர்.

இழப்பு ஈடாவது எப்படி என்பதில் மந்திரம் ஏதும் இல்லை. தீனி குறைந்ததும் உடல் தன் அடிப்படைச் செலவைச் சுருக்குகிறது. குடல், கல்லீரல், கணையம் ஆகியவை சிறுக்கின்றன. சிறிய உடலைத் தாங்கும் செலவும் சிறியதாகிறது. மறுபடி தீனி கிடைத்ததும் முதலில் பெருப்பவை இந்தச் செரிமான உறுப்புகள்தான், தசை அவற்றின் பின்னால் வருகிறது. சுருங்கிய செலவும் விரிந்த குடலும் ஒன்றாக இருக்கும் அந்தச் சில நாள்களில்தான் தீவன மாற்றுத்திறன் பளிச்சென்று தெரியும். சேவல் குஞ்சுகள் இதில் பெட்டைகளைவிட நன்றாக மீள்கின்றன. வயிற்றுக் கொழுப்பு குறைவதைப் பற்றி முதலில் இருந்த உறுதி பின்னர் வந்த ஆய்வுகளில் தளர்ந்தது. சிலவற்றில் குறைந்தது, சிலவற்றில் வேறுபாடே இல்லை.

இங்கே நாள் கணக்கு முக்கியம். பழைய ஆய்வுகளில் கோழி ஏழு, எட்டு வாரம் வரை வளர்ந்தது. இரண்டாம் வாரத்தில் இழந்ததை மீட்க ஐந்து வாரத்துக்கு மேல் கையில் இருந்தது. இன்று தமிழகச் சந்தைக்குப் போகும் கோழி ஐந்தாம் வாரத்திலேயே வண்டி ஏறுகிறது. கடுமையாகப் பட்டினி போட்டு 35ஆம் நாளில் பிடித்தால், மீளும் பாதையிலேயே கோழி எடைத்தட்டுக்கு வந்துவிடும். ஆகவே தீவனச் செலவு மிச்சம் என்ற ஒரே நோக்கத்துக்காக இந்த முறையைத் தொடுவதில் பயனில்லை. முதல் இரண்டு வாரத்தில் ஒரு கோழி தின்னும் தீவனம் மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு. அதில் மிச்சம் பிடித்துக் காணப்போவது ஒன்றுமில்லை. இந்த முறைக்கு நியாயம் தேடினால் அது உயிரிழப்பைக் குறைப்பதில்தான் கிடைக்கும்.

அந்த நியாயம் வலுவானது. தசை வளரும் வேகத்துக்கு இதயமும் நுரையீரலும் ஈடுகொடுக்க முடியாதபோது வலப்புற இதயம் வீங்கி, வயிற்றில் நீர் கோத்துக் கோழி சாகிறது. அசைட்டிஸ் எனப்படும் இந்தக் கோளாறு முதலில் கவலை தந்தது ஆக்சிஜன் குறைந்த மலைநாடுகளில். மெக்சிகோவின் மேட்டு நிலப் பண்ணைகளில் ஆர்சேயும் லோபஸ் கோயெல்லோவும் தீவனக் கட்டுப்பாட்டைக் கொண்டே அதை அடக்கிக் காட்டினார்கள். நன்றாகத் தின்று கொழுத்த கோழி திடீரென இறக்கையை அடித்து மல்லாந்து சாவதும், கால் எலும்பு வளைந்து நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடுவதும் தொடக்க வேகத்தைத் தணித்த மந்தைகளில் குறைகின்றன. கொங்கு மண்டலம் மேட்டு நிலம் அன்று என்றாலும், மார்கழிக் குளிரில் படுதாவை முழுக்க இறக்கிவிட்டுக் காற்றோட்டம் இல்லாமல் வளர்க்கும் ஷெட்டிலும் ஆக்சிஜன் தட்டுப்பாடு வரும்.

நோய் எதிர்ப்பு இதைவிடச் சிக்கலானது. அதை முதல் நாளிலிருந்து பார்க்க வேண்டும்.

குஞ்சு பொரிக்கும்போது அதன் வயிற்றுக்குள் மிச்ச மஞ்சள்கரு ஒன்று இருக்கிறது. ஆற்றலோடு தாய்க்கோழியின் எதிர்ப்பொருளும் அதில் உண்டு. மூன்று, நான்கு நாளில் அது கரைந்து தீர்கிறது. குஞ்சின் வயிற்றுக்குத் தீனி போனால் மஞ்சள்கரு விரைவாக உறிஞ்சப்படும். தீனி போகாவிட்டால் அப்படியே தேங்கும். மஞ்சள்கரு இருக்கிறதே, இரண்டு நாள் தாங்கும் என்ற நினைப்பு இந்த இடத்தில்தான் தவறாகிறது. அது உயிரைத் தாங்கும், வளர்ச்சிக்குப் போதாது. அந்த நாள்களில்தான் குடலின் விரல் போன்ற நுண்முளைகள் நீள்கின்றன. மார்புத் தசையை நாளைக்குப் பருக்கவைக்கும் துணைச் செல்கள் பெருகுவதும் அப்போதே. கழிவாய்க்கு மேலே இருக்கும் பர்சா என்ற சிறு பையில் எதிர்ப்பொருள் சுரக்கும் பி செல்கள் முதிர்கின்றன. கழுத்தோரத் தைமஸில் டி செல்கள் பயிற்சி பெறுகின்றன. முதல் கவளத் தீனியும் அதோடு போகும் நுண்ணுயிரிகளும்தான் குடலின் எதிர்ப்புச் செல்களைத் தட்டி எழுப்புகின்றன.

எருசலேமின் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தில் பார் ஷீரா, ஸ்க்லான், ஃபிரீட்மன் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. பொரித்த பின் தீனி தாமதமான குஞ்சுகளின் பின்குடலில் எதிர்ப்பு மண்டலம் எழும்புவதே தாமதமானது. முதல் நாள்களின் பட்டினியால் துணைச் செல்கள் குறைந்து, மார்புத் தசை இளைத்த நிலை விற்பனை வயது வரை நீடிப்பதையும் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த இழப்பு மீளாது.

இது ஆய்வுக்கூடச் செய்தி மட்டும் அன்று. பொரிப்பகத்தில் ஒரே தட்டில் உள்ள முட்டைகள் அனைத்தும் ஒரே மணிக்குப் பொரிப்பதில்லை. முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் ஒரு நாளுக்கு மேல் இடைவெளி இருக்கும். பிறகு பிரிப்பது, எண்ணுவது, தடுப்பூசி, வண்டிப் பயணம். முதலில் பொரித்த குஞ்சு பண்ணையில் இறங்கும்போது இரண்டு நாள் பட்டினியோடு இறங்கக்கூடும். பண்ணையாளர் அறியாமலேயே அங்கே ஒரு தீவனக் கட்டுப்பாடு நடந்து முடிந்திருக்கிறது, அதுவும் ஆகாத நாளில். குஞ்சு வருவதற்கு முன்பே புரூடரைச் சூடேற்றி வைப்பது, பேப்பர் விரித்து அதன்மேல் தீவனம் தூவுவது, இறங்கிய சில மணி நேரம் கழித்துக் கழுத்தடித் தீனிப்பையைத் தொட்டுப் பார்ப்பது ஆகிய மூன்றும் இந்தப் பட்டினியை அங்கேயே நிறுத்தும் வேலைகள். மறுநாள் காலையில் தொட்டால் ஏறக்குறைய எல்லாக் குஞ்சின் தீனிப்பையும் நிறைந்து, மிருதுவாக இருக்க வேண்டும். இந்த முதல் நாள்களில் தீவனத்தைக் குறைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இரண்டாம் வாரத்தில் நிலைமை மாறுகிறது. குடல் நீண்டிருக்கிறது, உடல் தன் சூட்டைத் தானே காக்கத் தொடங்கியிருக்கிறது. இப்போது தீவனம் குறைந்தால் அட்ரினல் சுரப்பியிலிருந்து கார்ட்டிகோஸ்டிரோன் கூடுகிறது. கோழியின் அழுத்த ஹார்மோன் இதுதான். சேமிப்பை உடைத்துச் சர்க்கரையாக்கி உடலைத் தாங்குவது அதன் வேலை. அளவு மீறினால் நிணநீர்ச் செல்களை ஒடுக்குகிறது. பர்சாவும் தைமஸும் சுருங்குகின்றன. இரத்தத்தில் ஹெட்டிரோஃபில் கூடி, லிம்போசைட் குறைகிறது. இந்த விகிதமே அழுத்தத்தின் அளவுகோல் என்று கிராஸும் ஹெச்.எஸ். சீகலும் 1983இல் முன்வைத்தார்கள். இன்றும் அதுவே பயன்படுகிறது. கடும் பட்டினியில் எதிர்ப்பு தாழ்வது இந்த வழியாகத்தான்.

அளவான, குறுகிய பசி வேறு விதமாக வேலை செய்கிறது. மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தில் சுல்கிஃப்லி குழுவினர் குஞ்சுகளுக்கு 4, 5, 6ஆம் நாள்களில் மட்டும் தீவனத்தை வழக்கமான அளவில் 60 சதவீதமாகக் குறைத்தார்கள். பிறகு வாரக் கணக்கில் எதுவும் செய்யாமல் விட்டு, வளர்ந்த கோழிகளைக் கடும் வெப்பத்தில் வைத்தார்கள். சிறு வயதில் சிறிது பசித்திருந்த கோழிகள் வெப்பத்தை நன்றாகத் தாங்கின. செல்லுக்குள் புரதங்கள் உருக்குலையாமல் காக்கும் ஹெச்.எஸ்.பி. 70 என்ற வெப்ப அதிர்ச்சிப் புரதம் அவற்றில் அதிகம் இருந்தது. 2003இல் வெளிவந்த தொடர் ஆய்வில், தொடக்கப் பசியோடு வெப்பப் பழக்கமும் பெற்ற கோழிகள் பர்சாவைத் தாக்கும் கம்போரோ வைரஸையும் மேலாக எதிர்கொண்டன. சிறு அழுத்தத்தை ஒருமுறை கடந்த உடல் அடுத்த பெரிய அழுத்தத்துக்கு ஆயத்தமாகிறது என்பதே இதற்கான விளக்கம். சித்திரை வெயிலில் ஷெட்டுக்குள் 40 டிகிரியைத் தொடும் நாட்டில் இந்த முடிவைக் கவனிக்காமல் விடலாகாது.

எதிர்ப்பொருளை நேரடியாக அளந்த ஆய்வுகள் ஒரே திசையில் செல்லவில்லை. வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்துக்கு எழும் எதிர்ப்பொருள் சிலவற்றில் கூடியது, பலவற்றில் மாறவில்லை, கடும் கட்டுப்பாட்டில் தாழ்ந்தது. ஆகவே, தீவனத்தைக் குறைத்தால் எதிர்ப்புச் சக்தி கூடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவரை நம்ப வேண்டியதில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: மிதமான கட்டுப்பாடு எதிர்ப்பைக் கெடுப்பதில்லை, வெப்பம் போன்ற பின்வரும் அழுத்தங்களில் அதைக் காப்பாற்ற உதவக்கூடும்.

தடுப்பு மருந்து அட்டவணையோடு இதைப் பொருத்திப் பார்க்க வேண்டும். இங்கே வழக்கமாக 5 முதல் 7ஆம் நாளுக்குள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண் சொட்டு, 12 முதல் 14ஆம் நாளுக்குள் கம்போரோவுக்குக் குடிநீர் வழி மருந்து, 21ஆம் நாளை ஒட்டி வெள்ளைக்கழிச்சலுக்கு இரண்டாம் தவணை. கட்டுப்பாட்டுக்கு ஏற்ற இரண்டாம் வாரம் முதல் இரண்டு மருந்துகளுக்கும் நடுவே விழுகிறது. முதல் மருந்துக்கு உடல் எதிர்ப்பொருள் செய்துகொண்டிருக்கும் நாள்கள் அவை. கடுமை கூடாது என்பதற்கு இதுவே முதல் காரணம். மருந்து கொடுத்த மறுநாளே தீவனத்தைக் குறைக்காமல் இரண்டு நாளாவது விட்டுத் தொடங்குவதும், கம்போரோ மருந்துக்கு இரண்டு நாள் முன்பே முழுத் தீவனத்துக்குத் திரும்புவதும் நல்லது. தண்ணீரில் மருந்து தரும் நாளில் குஞ்சுகளைச் சற்றுத் தாகத்தில் வைப்பது வழக்கம். பசியும் தாகமும் ஒரே நாளில் சேரக் கூடாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. தாய்வழி வந்த கம்போரோ எதிர்ப்பொருள் கறிக்கோழியில் மூன்று, மூன்றரை நாளுக்கு ஒருமுறை பாதியாகிறது. மெதுவாக வளரும் முட்டைக்கோழியில் அதற்கு ஐந்து நாளுக்கு மேல் ஆகிறது. உடல் வேகமாகப் பெருக்கும்போது அதே எதிர்ப்பொருள் பெரிய உடலில் நீர்த்துப்போவது இதற்கு ஒரு காரணம். வளர்ச்சியைத் தணித்த மந்தையில் தாய்வழி எதிர்ப்பொருள் சற்று அதிக நாள் நின்று, உயிருள்ள தடுப்பு மருந்தைச் செயலற்றதாக்கும் வாய்ப்பு உண்டு. கட்டுப்பாட்டைப் பின்பற்றும் பேட்சுகளில் இரத்த மாதிரி பார்த்து மருந்து நாளைக் குறிப்பது இதனால் கூடுதல் பொருள் பெறுகிறது.

பசித்த மந்தை தன்னைத்தானே நோயிடம் ஒப்படைக்கும் வழிகளும் பல. 24 மணி நேரம் தீவனத்தை முற்றிலும் நிறுத்தினால் குடல் சுவரின் இணைப்புகள் தளர்ந்து, குடலுக்குள் இருக்க வேண்டியவை இரத்தத்துக்குள் கசிகின்றன. ஆய்வாளர்கள் குடல் கசிவை வரவழைக்கவே இந்தப் பட்டினியைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் அதன் பலன் எவ்வளவு உறுதியானது என்று புரியும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தீவனம் தரும் முறை கறிக்கோழிக் குஞ்சுக்கு ஆகாததற்குக் காரணம் இது. பசித்த குஞ்சு தரையில் உள்ள தேங்காய் மஞ்சியைக் கொத்தும். அதிலுள்ள இரத்தக்கழிச்சல் கிருமிகளையும் சேர்த்து விழுங்கும். பசியை ஆற்றத் தண்ணீரை அதிகம் குடிக்கும், மஞ்சி நனையும், அம்மோனியா எழும்பி மூச்சுக்குழலின் நுண்மயிர்களைப் பழுதாக்கும். தீவனம் விழும் நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கீறிக்கொள்ளும். அந்தக் கீறலின் வழியே ஈ. கோலி நுழைந்து தோலடியில் சீழ் கட்டும். இவை எல்லாம் சேர்ந்தால் ஹார்மோன் கணக்கில் கிடைக்கும் எந்த நன்மையும் மிஞ்சாது.

எப்படிக் குறைப்பது என்பது இதனால் எவ்வளவு குறைப்பது என்பதற்கு இணையான கேள்வி. தீவனத்தை எடை போட்டு அளந்து வைக்கும் முறைக்கு, எல்லாக் குஞ்சும் ஒரே நேரத்தில் தலையை நுழைக்கும் அளவுக்குத் தீவனத் தட்டுகள் வேண்டும். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் லீசன் குழுவினர் வேறு வழி கண்டார்கள்: தீவனத்தில் உமியைப் பெருமளவு கலந்து சத்தை நீர்க்கச் செய்தார்கள். குஞ்சு வயிறு நிறையத் தின்றது, சத்து மட்டும் குறைந்தது. 42ஆம் நாளுக்குள் எடையும் மீண்டது. தட்டில் எப்போதும் தீனி இருந்ததால் முண்டியடிப்பு இல்லை. ஆனால் இதற்குத் தீவன ஆலையின் ஒத்துழைப்பு வேண்டும். பண்ணையிலேயே தவிட்டையோ உமியையோ வாரிக் கலப்பது சத்துக் கணக்கைக் குலைக்கும். பெல்லட்டுக்குப் பதில் மேஷ் தருவது இன்னும் எளிது. மேஷைத் தின்ன நேரம் கூடுதலாக ஆவதால் உட்கொள்ளும் அளவு தானாகத் தணிகிறது.

இவற்றைவிட மென்மையானது விளக்கை அணைப்பது. பக்கம் திறந்த நம் ஷெட்டுகளில் இரவு முழுக்க விளக்கு எரிவது, குஞ்சு இடைவிடாமல் தின்ன வேண்டும் என்பதற்காக. ஏழாம் நாளுக்குப் பிறகு இரவில் ஒரு மணி நேரத்தில் தொடங்கி, நாளுக்கு நாள் கூட்டி, நான்கு முதல் ஆறு மணி நேர இருட்டைத் தொடர்ச்சியாகத் தந்தால் தீவனம் தானாகக் குறைகிறது. எந்தக் குஞ்சும் மற்றொன்றால் விலக்கப்படுவதில்லை. எல்லாமே ஒன்றாகத் தூங்குகின்றன. இருட்டில் சுரக்கும் மெலடோனின் லிம்போசைட்டுகளின் செயல்திறனைக் கூட்டுவதாகக் கறிக்கோழிகளில் செய்த ஆய்வுகளே காட்டியுள்ளன. பசியின் அழுத்தம் இல்லாமல் வளர்ச்சி வேகம் மட்டும் தணிகிறது. இந்த வட்டாரத்தின் சாதாரணப் பண்ணைக்குப் பொருந்தும் கட்டுப்பாடு இதுவே. முதல் இரவுகளில் சட்டென்று இருட்டாக்கினால் குஞ்சுகள் மூலையில் குவிந்து மூச்சுமுட்டிச் சாகும் என்பதால் மங்கலிலிருந்து பழக்க வேண்டும். குளிர் இரவில் புரூடர் சூடு தனியாகத் தொடர வேண்டும்.

கோடையில் காலை பதினொரு மணி முதல் மாலை நான்கு மணி வரை வளர்ந்த கோழிக்குத் தீவனத்தை விலக்குவது வேறு வேலை. செரிமானம் உண்டாக்கும் சூடு வெயிலின் சூட்டோடு சேராமல் தடுக்கும் அன்றாட உத்தி அது. அதைச் செய்கிறோம் என்பதால் தொடக்கக் கட்டுப்பாட்டின் பலன் கிடைக்காது. தொடக்கக் கட்டுப்பாட்டைச் செய்ததால் அதைக் கைவிடவும் முடியாது.

ஒப்பந்த முறையில் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்தின் பொருள்; பண்ணையாளருக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலி. அந்தக் கூலியோ எடையிலும் தீவன மாற்றுத்திறனிலும் தொங்குகிறது. இரண்டாம் வாரத்தில் எடை குறைந்து காட்டும் ஒரு முறையைப் பண்ணையாளர் தனியாகத் தொடங்கினால், பதினான்காம் நாள் எடை பார்க்க வரும் சூப்பர்வைசரின் பதிவேட்டில் அது வளர்ப்புக் குறையாகவே ஏறும். ஆகவே இது நிறுவனத்தின் தீவன வல்லுநரும் கால்நடை மருத்துவரும் சேர்ந்து, ஒரு பண்ணையின் இரண்டு ஷெட்டுகளில் ஒன்றில் மட்டும் நடத்திப் பார்க்க வேண்டிய முறை. இரண்டு ஷெட்டுகளிலும் 7, 14, 21, 28ஆம் நாள் எடையும், இறப்பும், இறப்பின் காரணமும் தனித்தனியே எழுதப்பட வேண்டும். மந்தையின் சராசரியோடு குஞ்சுக்குக் குஞ்சு உள்ள எடை வேறுபாட்டையும் பார்க்க வேண்டும்; அது விரிந்தால் சிறியவை பட்டினி கிடக்கின்றன என்று பொருள், கட்டுப்பாட்டை அன்றே நிறுத்த வேண்டும். ஏழாம் நாள் எடை பிறந்த எடையின் நான்கு மடங்கை எட்டாத பேட்சிலும், தொப்புள் ஆறாத குஞ்சுகள் மிகுந்த பேட்சிலும், மூச்சிரைப்போ கழிச்சலோ தலைகாட்டிய ஷெட்டிலும், முப்பத்திரண்டாம் நாளுக்கு முன்பே சிறிய கோழியாகப் பிடிக்கத் திட்டமிட்ட மந்தையிலும் இதைத் தொடங்கவே கூடாது. எந்த மந்தையிலும் குடிநீர் ஒரு மணி நேரம்கூடக் கட்டுப்பாட்டின் பகுதியாக நிறுத்தப்படக் கூடாது.